மூன்றாவது நாற்காலி: எட்வர்ட் கிளைன்ஹாமர் என்ற பாஸ் டிராம்போன்காரர்

ராத்திரி பன்னிரண்டரை மணி. புது வெர்ஷன் சர்வரில் ஏறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை நான் செய்ய ஒன்றுமில்லை. அதுக்காக எழுந்து போகவும் முடியாது. எங்க தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நேரம் நன்றாகவே தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேலா பார்டோக்கின் 'இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ'வைப் போட்டேன். 1955 அக்டோபரில் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழு வாசித்து, ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்திய பதிவு. இத்தனை வருஷம் கழித்தும் இந்தப் படைப்புக்கு எந்தப் பதிவு நல்லது என்று கேட்டால், பலர் முதலில் சொல்வது இதைத்தான்.

அதில் நாலாவது பகுதியில் ஒரு இடம் வரும். அழகான ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போது, யாரோ குடித்துவிட்டு உள்ளே நுழைந்த மாதிரி அசட்டு மெட்டு ஒன்று குறுக்கிடும். இசைக்குழு அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அடியிலிருந்து ஒரு பித்தளை வாத்தியம் வழுக்கிக்கொண்டு வரும். ஓரிரு விநாடிதான். கேட்டவுடனே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இதை ஊதினது யாருன்னு பார்க்கலாம்னு செயலியைத் திறந்தேன். பார்டோக், ரைனர், சிகாகோ சிம்ஃபனி. மூன்றே பெயர்தான். நூறு பேர் வாசித்த இசைக்கு மூன்று பெயர். அங்கே ஆரம்பித்த தேடல் சில வாரங்கள் நீண்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெயர் எட்வர்ட் கிளைன்ஹாமர். 1940ல் அந்த இசைக்குழுவில் சேர்ந்து 1985 வரை இருந்தவர். ஜெர்மன் வழிப் பெயர். பிரித்துப் பார்த்தால் 'சின்னச் சுத்தியல்' என்று வரும்.

"பாவம், யாரும் கண்டுகொள்ளாத மேதை" வகைக் கட்டுரை இல்லை இது. அவர் துறையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நான் எழுத நினைப்பது வேறு ஒரு விஷயம். ஒரு தொழிலின் உண்மையான அறிவு எங்கே சேமிக்கப்படுகிறது? இசைக் குறிப்பிலா, பதிவிலா, ஆளிடமா? இந்த மனிதர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

முதலில் வாத்தியம்

நம்ம ஊரில் டிராம்போன் என்றால் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர் முன்னும் பின்னும் இழுக்கிற அந்த நீளக் குழாய்தான். அதில் புல்லாங்குழல் மாதிரி துளையும் இல்லை, டிரம்பெட் மாதிரி அமுக்குகிற பொத்தான்களும் இல்லை. சுமார் 9 அடி, அதாவது 2.7 மீட்டர் குழாயை மடித்து, ஒரு பகுதியை வெளியே இழுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் ஸ்லைடு. வெளியே இழுத்தால் குழாய் நீளும், ஸ்வரம் இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும். ஸ்லைடில் ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் அரை ஸ்வரம் இறங்கும். நிலைகளைக் காட்ட குழாயில் எந்தக் கோடும் கிடையாது. காதும் கையும்தான் கணக்கு. வயலினில் எப்படியோ அப்படி.

15ஆம் நூற்றாண்டிலேயே இருந்த வாத்தியம் இது. வால்வு வராத காலத்தில், எல்லா ஸ்வரங்களையும் சுத்தமாக வாசிக்க முடிந்த பித்தளை வாத்தியங்களில் முக்கியமானது இதுதான். அதனாலேயே தேவாலயங்களில் பாடகர்களுக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள். பாடுகிறவர்களில் ஆல்ட்டோ, டெனர், பாஸ் இருப்பது போல டிராம்போனும் ஒரு குடும்பமாக வளர்ந்தது. சிம்ஃபனிக்குள் வந்தது ரொம்பப் பிற்பாடு. 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியில் மூன்று டிராம்போன்கள் உண்டு. ஆனால் முதல் மூன்று பகுதி முழுவதும் அவர்களுக்கு வேலை இல்லை, கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறப்பார்கள்.

பழைய பாஸ் டிராம்போன் தனியான, பெரிய வாத்தியம். எஃப் அல்லது ஜி சுருதியில் செய்வார்கள். ஸ்லைடு அவ்வளவு நீளம் என்பதால் கை எட்டாது. அதனால் ஸ்லைடில் ஒரு கைப்பிடி வைத்து, அதைப் பிடித்துத் தள்ளி வாசிப்பார்கள். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆபத்தான வாத்தியம்தான்.

1839ல் லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த சாட்லர் என்ற வாத்தியம் செய்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாதாரண பி ஃபிளாட் டிராம்போனிலேயே, பின்பக்கம் சுமார் 3 அடி கூடுதல் குழாயைச் சுருட்டி வைத்து, இடது கட்டைவிரலால் இயக்கும் ஒரு வால்வைப் பொருத்தினார். விரலை அமுக்கினால் காற்று அந்தக் கூடுதல் குழாய் வழியாகவும் சுற்றிவரும். 9 அடி வாத்தியம் நொடியில் 12 அடி வாத்தியமாகிவிடும். பி ஃபிளாட், எஃப் ஆகிவிடும். ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு வாத்தியம். நீளக் கைப்பிடிக்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வு கிடைத்தது.

இன்றைய பாஸ் டிராம்போன் இதன் வாரிசு. நீளத்தில் டெனர் டிராம்போனும் இதுவும் ஒன்றுதான். குழாயின் உள்விட்டம் அதிகம், முன்னால் இருக்கும் மணி பெரிசு, வால்வு ஒன்றோ இரண்டோ இருக்கும். இசைக்குழுவில் டிராம்போன் வரிசையில் மூன்று பேர். மூன்றாவது நாற்காலி பாஸ் டிராம்போன். அதற்குப் பக்கத்தில் டியூபா.

சிகாகோவில் பிறந்து சிகாகோவிலேயே

கிளைன்ஹாமர் பிறந்தது 1919 ஆகஸ்ட் 31, சிகாகோவில். முதலில் கற்றுக்கொண்டது வயலின். டிராம்போனைக் கையில் எடுத்தது 14 வயதில். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் அது ஒன்றும் சின்ன வயது இல்லை.

அவர் பிறந்த அதே 1919ல் சிகாகோ சிம்ஃபனியின் தலைவர் ஃபிரெடரிக் ஸ்டாக், 'சிவிக் ஆர்கெஸ்ட்ரா' என்ற பயிற்சி இசைக்குழுவைத் தொடங்கினார். அமெரிக்க இளைஞர்களைத் தொழில்முறை இசைக்குழுவுக்குத் தயார் செய்யும் இடம். அதுவரை அமெரிக்க இசைக்குழுக்கள் ஆள் எடுக்க ஐரோப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளூரிலேயே ஆள் தயாரிக்க வேண்டிய கட்டாயம். கிளைன்ஹாமர் அந்தப் பயிற்சிக் குழுவில் இரண்டு வருடம் வாசித்தார். சிகாகோ சிம்ஃபனியின் கலைஞர்களிடமே பாடமும் கற்றார். 1940ல் லியோபால்ட் ஸ்டொகாவ்ஸ்கி உருவாக்கிய அகில அமெரிக்க இளைஞர் இசைக்குழுவுக்குத் தேர்வானார். அதே வருடம் ஸ்டாக் அவரை சிகாகோ சிம்ஃபனிக்கு அழைத்துக்கொண்டார். வயது 21.

1942ல் போருக்குப் போனார். 1945ல் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு 1985 வரை நாற்காலி மாறவில்லை.

மாறியது எதிரே நின்றவர்கள்தான். ஸ்டாக் 1942ல் காலமானார். பிறகு தேசிரே தெஃபோ, ஒரே ஒரு சீசன் மட்டும் தாக்குப்பிடித்த ஆர்தர் ராட்ஜின்ஸ்கி, உள்ளூர்ப் பத்திரிகை விமர்சனங்களால் நொந்துபோய்க் கிளம்பிய ரஃபேல் குபேலிக், 1953ல் வந்த ரைனர், பின்னர் ஜான் மார்ட்டினான், 1969ல் வந்த கியார்க் ஷோல்டி. மொத்தம் ஏழு கண்டக்டர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து ஏழு மேனேஜர்களைப் பார்த்தவர் என்று சொன்னால் ஐ.டி.க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாணி. ரைனரின் கையசைவு ரொம்பச் சின்னது என்று பேர்பெற்றது. குச்சி அசைவதே தெரியாது, கவனம் தப்பினால் தொலைந்தோம். ஷோல்டி நேர் எதிர், உடம்பே ஆடும். இரண்டு பேருக்கும் அதே அடித்தளத்தைத் தர வேண்டியது இவர் வேலை.

வெளியிலிருந்து வரும் கண்டக்டர்கள் மாறிக்கொண்டே இருக்க, உள்ளே ஒரு கூட்டம் அசையாமல் இருந்தது. டியூபா ஆர்னால்ட் ஜேக்கப்ஸ், 1944 முதல் 1988 வரை. முதல் டிரம்பெட் அடால்ஃப் ஹெர்செத், 1948 முதல் 2001 வரை. டிராம்போன் ஃபிராங்க் கிரிசஃபுல்லி, 1930களின் கடைசியில் சேர்ந்து 1989 வரை. ஜே ஃப்ரீட்மன் 1962ல் வந்தவர். சிகாகோவின் பித்தளை ஒலி என்று உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது. அதன் காரணத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குப் படுகிற முதல் காரணம் இந்தத் தேதிகள்தான். கிளைன்ஹாமரும் ஜேக்கப்ஸும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாற்பது வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே இன்னொருத்தருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

1968ல் சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து ஆகிய மூன்று இசைக்குழுக்களின் பித்தளைக் கலைஞர்கள் ஒன்றுகூடி, வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர் கேப்ரியேலியின் இசையைப் பதிவு செய்தார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்த அபூர்வமான தட்டு. கிராமி விருதும் வாங்கியது. கிளைன்ஹாமர் அதிலும் வாசித்தார்.

பார்டோக் வைத்த கணக்கு

சரி, அந்த ஓரிரு விநாடிக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்கே காரணம் அதுதான்.

பார்டோக் இந்தக் கான்செர்ட்டோவை எழுதியது 1943ல், அமெரிக்காவில். உடம்பு மோசமாக இருந்த நேரம், கையில் காசும் இல்லை. ரைனரும் வயலின் கலைஞர் சிகெட்டியும் சொல்லித்தான் பாஸ்டன் இசைக்குழுவின் செர்ஜ் குசெவிட்ஸ்கி அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தார். 1944 டிசம்பர் 1ஆம் தேதி பாஸ்டனில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பார்டோக் காலமானார்.

அந்தச் சிரிப்பு இடத்தில் பாஸ் டிராம்போனுக்கு அவர் எழுதியிருப்பது, தாழ்ந்த பி ஸ்வரத்திலிருந்து எஃப் ஸ்வரம் வரை ஒரே இழுப்பில் ஒரு சறுக்கல். நம்ம பாஷையில் சொன்னால் நீளமான ஜாரு. நடுவில் எங்கேயும் விட்டுப்போகக் கூடாது. டிராம்போனுக்குச் சறுக்கல்தானே பிறவிக் குணம், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அரை ஸ்வரம் இறங்க, குழாயின் நீளம் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். எஃப்பிலிருந்து கீழே பி வரைக்கும் ஆறு அரை ஸ்வரங்கள். சேர்த்துப் பெருக்கினால் குழாய் 41 சதவீதம் நீள வேண்டும். ஸ்லைடு இரட்டைக் குழாய் என்பதால், அது நகர வேண்டியது அதில் பாதி.

வால்வை அமுக்காத 9 அடி வாத்தியத்தில், ஏழு நிலைகளையும் கடக்க ஸ்லைடு சுமார் 56 செ.மீ. நகர்ந்தால் போதும். ஸ்லைடின் நீளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் வால்வை அமுக்கினதும் வாத்தியம் 12 அடி ஆகிவிடுகிறது. சதவீதக் கணக்கு அல்லவா? இப்போது அதே ஆறு அரை ஸ்வரங்களுக்கு ஸ்லைடு சுமார் 76 செ.மீ. நகர வேண்டும். அவ்வளவு ஸ்லைடு கிடையாது. வால்வு போட்ட நிலையில் எஃப்பிலிருந்து இறங்கினால் சி வரைக்கும்தான் போக முடியும். அதற்குக் கீழே பி வேண்டும் என்று இன்னும் இழுத்தால் ஸ்லைடு கழன்று முன்வரிசைக்காரர் முதுகில் விழும்.

சரி, வால்வுக் குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டி, எஃப்புக்குப் பதில் இ சுருதிக்கு மாற்றி வைத்தால்? பி கிடைக்கும், ஸ்லைடின் கடைசி முனையில். ஆனால் மறுமுனையில், முழுக்க உள்ளே தள்ளினாலும் இ தான் வரும். எஃப் போய்விட்டது. தலைக்கு இழுத்தால் காலுக்கு இல்லை, காலுக்கு இழுத்தால் தலைக்கு இல்லை. போர்வைக் கதைதான்.

பிறகு பார்டோக் ஏன் அப்படி எழுதினார்? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், அவர் மனதில் இருந்தது பழைய எஃப் பாஸ் டிராம்போன் என்பது. அந்த நீளக் கைப்பிடி வாத்தியத்தில் முதல் நிலை எஃப், ஏழாவது நிலை பி. இந்தச் சறுக்கல் கச்சிதமாக, ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடங்கிவிடும். அவர் எழுதினதில் தப்பே இல்லை. ஆனால் அவர் எழுதியது அமெரிக்காவில். அங்கே யார் கையிலும் அந்த வாத்தியம் இல்லை. பழைய சிஸ்டத்துக்கு எழுதிய நிரலைப் புது சிஸ்டத்தில் ஓடவைக்கச் சொல்வது மாதிரிதான்.

வாசிப்பவர்கள் கண்டுபிடித்த வழிகள் எல்லாமே ஒரே யோசனையின் வேறு வேறு வடிவங்கள். சறுக்கல் நடந்துகொண்டிருக்கும்போதே குழாயின் நீளத்தை மாற்றுவது. வால்வுக் குழாயை இ அளவுக்கு இழுத்து வைத்துத் தொடங்கி, வலது கை ஸ்லைடை உள்ளே கொண்டுவரும்போதே இடது கை அந்தக் குழாயையும் உள்ளே தள்ள வேண்டும். அல்லது இரண்டாவது வால்வு ஒன்று இருந்தால், இரண்டையும் அமுக்கித் தொடங்கி நடுவழியில் ஒன்றை விட வேண்டும். விட்ட இடம் காதுக்குத் தெரியக் கூடாது. இரட்டை வால்வு வாத்தியங்கள் பரவலானது 1960களுக்குப் பிறகு. ரைனரின் பதிவோ 1955. அதோடு ரைனர் சாதாரண ஆள் இல்லை. புடாபெஸ்டில் பார்டோக்கிடமே பியானோ படித்தவர். இந்தப் படைப்பு உருவாகவே ஒரு காரணமானவர். சமாளிப்பதைக் கண்டும் காணாமல் விடுகிறவர் என்ற பெயர் அவருக்குக் கிடையாது.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது இதுதான். இசைக் குறிப்பைத் திறந்து பாருங்கள். பி, எஃப், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான் இருக்கும். பதிவைக் கேளுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் சத்தம், அவ்வளவுதான். எப்படி என்பது இரண்டிலும் இல்லை. அது வாசித்தவர் கையில் இருந்தது. அவர் யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அவரோடு போச்சு.

காத்திருப்பதும் ஒரு வேலை

இசைக்குழுவில் டிராம்போன்காரர்களின் வாழ்க்கையில் பாதி, பக்கங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பிராம்ஸின் முதல் சிம்ஃபனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பகுதிகளில் டிராம்போனுக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. அரைமணி நேரத்துக்கு மேல் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்தியம் ஆறிப்போயிருக்கும், உதடு காய்ந்திருக்கும். நாலாவது பகுதியில் திடீரென்று மூன்று டிராம்போன்களும் மெல்லிசாக, பிரார்த்தனை போல ஒரு கீதத்தைத் தொடங்க வேண்டும். சத்தமாக ஊதினால் பிசிறு மறைந்துவிடும். மெதுவாக ஊதும்போது ஒன்றும் மறையாது. அந்த மூன்று பேர் கூட்டின் அடி ஸ்வரம் பாஸ் டிராம்போனுடையது. அடி கொஞ்சம் விலகினால் மேலே இருக்கிற இரண்டு பேரும் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் சுருதி சேராது. ஆனால் கேட்பவர்களுக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

அதாவது, நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, தப்பாகச் செய்தால் எல்லாருக்கும் தெரியும். சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சொல்லிக்கொடுத்தவர்

1963ல் கிளைன்ஹாமர் ஒரு புத்தகம் எழுதினார். 'டிராம்போன் வாசிப்புக் கலை' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். அப்போது அவர் வயது நாற்பத்து மூன்று, நாலு. கிட்டத்தட்ட என் வயசு. அதே இசைக்குழுவில் முதல் ஹார்ன் வாசித்த ஃபிலிப் ஃபார்காஸ் 1956ல் ஹார்னுக்கு இதே மாதிரி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சிகாகோவின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கையில் இருந்ததைக் காகிதத்தில் இறக்க ஆரம்பித்த காலம் அது.

கிளைன்ஹாமரின் புத்தகத்தில் சுயசரிதை கிடையாது, பெரிய கண்டக்டர்களைப் பற்றிய கிசுகிசு கிடையாது. மூச்சு, உதடு வைக்கும் விதம், நாக்கு, ஸ்லைடைப் பிடிப்பது, ஸ்வரங்களை ஒட்டவைப்பது, சுருதி, பயிற்சி. ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துச் சொல்வார். மாணவருக்கு மட்டும் இல்லாமல், பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும் பயன்படும் விதத்தில். ஒரு நல்ல தொழில்நுட்பக் கையேட்டின் லட்சணம் அது. அறுபது வருடம் தாண்டியும் டிராம்போன் மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள்.

புத்தகத்தைவிடப் பெரிய விஷயம் மாணவர்கள். ஒருவரை மட்டும் சொல்கிறேன். டக்ளஸ் யோ, 1955ல் பிறந்தவர். அதாவது அந்தப் பார்டோக் பதிவு நடந்த வருடம். 1970களின் நடுவில் சிகாகோவுக்கு மேற்கே வீட்டன் என்ற புறநகரில் இருக்கும் கல்லூரியில் படித்தபோது கிளைன்ஹாமரிடம் பாடம் கேட்டார். 1976ல் பட்டம். அதன் பிறகு நேராகப் பெரிய இசைக்குழுவுக்குப் போய்விடவில்லை. நியூயார்க் பக்கம் கிடைத்த இடத்தில் வாசித்தார், பள்ளிக்கூட பேண்டு ஆசிரியராக இருந்தார். 1981ல் பால்டிமோர் இசைக்குழு. 1985ல் பாஸ்டன் சிம்ஃபனியின் பாஸ் டிராம்போன் நாற்காலி.

அந்த 1985ஐக் கவனியுங்கள். குரு சிகாகோவில் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்த அதே வருடம், சிஷ்யர் பாஸ்டனில் உட்கார்ந்தார். பாஸ்டன் எந்த இசைக்குழு? பார்டோக்கின் கான்செர்ட்டோ முதன்முதலில் ஒலித்த இசைக்குழு. அந்தச் சறுக்கலை முதலில் வாசித்த நாற்காலி அது. யோ அதில் 2012 வரை இருந்தார். பிறகு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2016 வரை சொல்லிக்கொடுத்தார். கூடவே சர்ப்பென்ட் என்ற பாம்பு வடிவப் பழைய வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார், பித்தளை வாத்தியங்களின் வரலாற்றைப் பற்றி நிறைய எழுதினார்.

1997ல் குருவும் சிஷ்யரும் சேர்ந்து 'டிராம்போனில் தேர்ச்சி' என்ற பொருள்படும் ஒரு புத்தகத்தை வெளியிட்டார்கள். கிளைன்ஹாமர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி வயது. 1963ல் தனியாக எழுதியவர், இந்தத் தடவை தன் மாணவரோடு உட்கார்ந்து எழுதினார். முதல் புத்தகத்தோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

சிகாகோவில் அவர் எழுந்த நாற்காலிக்கு 1986ல் சார்ல்ஸ் வெர்னன் வந்தார். ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவிலிருந்து வந்தவர். அவரும் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு ராசி.

கிளைன்ஹாமர் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஹேவர்ட் என்ற சின்ன ஊரில், 2013 நவம்பர் 30ஆம் தேதி காலமானார். வயது 94.

என் பக்கத்து நாற்காலி

இந்தக் குறிப்புகளை எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். என் முதல் வேலையில் பக்கத்து மேசையில் இருந்த சீனியர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு பிரச்சினை வந்தால் கீபோர்டைத் தொடவே மாட்டார். முதலில் லாகைக் கடைசியிலிருந்து மேலே படிப்பார். "எங்க உடைஞ்சுதுன்னு பாக்காத தம்பி, கடைசியா எங்க நல்லா இருந்துச்சுன்னு பாரு" என்பார். இது எந்த டாக்குமெண்டிலும் இல்லை. அவர் எழுதின நிரல் எல்லாம் எப்பவோ மாற்றி எழுதியாகிவிட்டது. கேக் வெட்டி அனுப்பிவைத்தோம், நிறுவனமே இப்போது வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் நான் இன்றைக்கும் லாகைக் கீழேயிருந்துதான் படிக்கிறேன். போன மாதம் புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஏன் சார் தலைகீழா படிக்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சொல்லும்போதுதான் கவனித்தேன், அவர் சொன்ன அதே வார்த்தைகள் வாயில் வந்தன.

இசைக் குறிப்பு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பதிவு இணையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 'எப்படி' என்பதற்கு நூலகம் கிடையாது. அது பாடம் கேட்ட ஒருத்தர் உடம்பில் இருக்கும், அவர் அடுத்தவருக்குச் சொல்லும்வரை. கிளைன்ஹாமர் நாற்பத்தைந்து வருட காலம் ஒரு நாற்காலியைக் காப்பாற்றியதை நான் மதிக்கிறேன். அதை இரண்டு தடவை புத்தகமாக எழுதிவைத்ததையும், மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுத்ததையும் அதைவிட அதிகம் மதிக்கிறேன்.

நேரம் கிடைத்தால் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்க. ரைனர், சிகாகோ, 1955. நாலாவது பகுதி. மொத்தமே நாலு நிமிஷம் சொச்சம்தான். ஹெட்போன் இருந்தால் நல்லது, மொபைல் ஸ்பீக்கரில் அந்த அடி ஸ்வரம் வராது. சிரிப்பு ஆரம்பித்ததும் கவனம் அடியில் இருக்கட்டும். ஸ்லைடு ஒரு கையில், வால்வு இன்னொரு கையில், 76 செ.மீ. கணக்கு நடுவில். இனி கேட்கும்போது குறைந்தது உங்களுக்காவது அங்கே நாலாவதாக ஒரு பெயர் தெரியும்.